டொனலன்களுக்கு ஒரு பாட்டில் ஜாம்

அயர்லாந்தில் இரண்டு வருடமாக என் பெயர் ரங்கசாமி. அது என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று யாரோ சொல்ல, அப்பாவைத் தூக்கி அதில் உட்கார வைத்துவிட்டேன். அன்றிலிருந்து கால்வே நகரத்தில் வங்கிக்காரருக்கும் பேராசிரியருக்கும் நான் மிஸ் ரங்கசாமி. கோயம்புத்தூரில் அப்பா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இங்கே ஒரு பல் டாக்டர் கதவைத் திறந்து, "ரங்கசாமி, உள்ளே வரலாம்" என்பார்.

நான் வாடகைக்கு இருந்த அறை நோரா டொனலன் வீட்டு மாடியில். நோரா எண்பதை நெருங்குகிறவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி இறந்த பிறகு டொனலன் என்ற பெயருக்கு அந்தக் குடும்பத்தில் அவர் ஒருத்திதான் மிச்சம். வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் முழுக்க முள்செடி. கோடை முடியும்போது அதில் கறுப்புக் கறுப்பாகப் பழம் காய்த்துத் தள்ளும். நோரா அதைப் பறித்துச் சர்க்கரை போட்டுக் காய்ச்சுவார். வீடே இனிப்பும் புளிப்புமாக மணக்கும். முதல் பாட்டிலை மட்டும் யாரும் தொடக்கூடாது. நேராக மேல் அலமாரிக்குப் போய்விடும்.

"அது இந்தியாக்காரர்களுக்கு" என்றார் முதல் வருடம். எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன். நோரா சிரித்துக் கையைத் தட்டிவிட்டார். பிறகுதான் கதை வந்தது.

நோராவின் தாத்தாவுக்கு ஒரு அண்ணன். தாமஸ் டொனலன். ரயில்பாதை போடும் வேலைக்காக இந்தியா வந்தவர். விருதுபட்டி என்ற ஊர்ப் பக்கம் இருந்ததாகவும், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதாகவும் வீட்டுக்குச் சேதி வந்திருக்கிறது. "கிறிஸ்துமஸுக்குள் நாங்கள் மூன்று பேராகிவிடுவோம்" என்று சொல்லியனுப்பினாராம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அந்த மூன்றாவது ஆள் என்றைக்காவது ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டும் என்று அந்த வீட்டுப் பெண்கள் வருடத்துக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்தார்கள். அடுத்த வருடம் புதுப் பாட்டில் ஏறும், பழையது கீழே இறங்கும்.

"இந்தக் குளிர்காலத்தோடு வீட்டைப் பூட்டுகிறேன்" என்றார் நோரா, நான் விடுமுறைக்குக் கிளம்பும்போது. முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தாகிவிட்டது. "எனக்கு அப்புறம் அந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் தெரிந்தால் போதும். இருந்தால் இதைக் கொடுத்துவிடு." மேல் அலமாரியில் இருந்த பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். நல்ல கனம். விருதுபட்டிதான் விருதுநகர் என்பதைத் தவிர அந்த ஊரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கண்டுபிடித்துவிடலாம் என்று சொன்னேன். எதற்கும் அப்படித்தான் சொல்வேன்.

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கியதும் தும்மினேன். என் கல்லூரித் தோழியின் அக்கா செல்வராணி என்னை அழைத்துப் போக வந்திருந்தார். அவர் கணவருக்கு வத்தல் கமிஷன் மண்டி. வீடு மண்டிக்குப் பின்னாலேயே. தெரு முழுக்கச் சாக்குச் சாக்காக மிளகாய் வத்தல், காற்றே லேசாகச் சிவந்த மாதிரி இருந்தது.

"வத்தக் காத்து" என்றார் அக்கா. "இன்னைக்கு நாளைக்குத் தும்முவீக. அப்புறம் தும்மல் வரலையேன்னு நீங்களே தேடுவீக."

பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தேன். அக்கா மூடியை முகர்ந்து பார்த்தார்.

"என்ன இது, லேகியமா?"

"ஜாமுங்க்கா. சொந்தக்காரங்களுக்குக் குடுக்கோணும்."

"யாரு சொந்தம்?"

"அதைத்தாங்க்கா கண்டுபிடிக்க வந்திருக்கேன்."

அக்கா என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எறும்பு ஏறாமல் இருக்கப் பாட்டிலைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தார். அது அங்கே ஒரு தீவு மாதிரி நின்றது. அயர்லாந்தே அப்படித்தானே என்று எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் எண்ணெய் பரோட்டா. எங்கள் கோவையில் பரோட்டாவைக் கல்லில் போட்டுச் சுடுவார்கள். இங்கே எண்ணெயில் முக்கி எடுக்கிறார்கள். மேலே முறுமுறு, உள்ளே பஞ்சு, அதன் தலையில் சால்னா. நோரா ஞாயிற்றுக்கிழமைகளில் அவித்துத் தரும் உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டே நாலு சாப்பிட்டேன். "கோயமுத்தூர்ல சோறு போட மாட்டாகளா?" என்று கேட்டுவிட்டு அக்கா ஐந்தாவதையும் போட்டார்.

மறுநாள் சூலக்கரை. கலெக்டர் அலுவலகம் அங்கேதான். டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர், தீபாவளி ஆர்டர் எம்புட்டு வந்திருக்கிறது, லோடு ஏற்ற லாரி கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டே வந்தார்கள். வெளியே கரிசல் மண் விரிந்து கிடந்தது. வெயில் அதன்மேல் தண்ணீர் மாதிரி அலைந்தது. அந்த அலையில் சிவந்த பிடரியுடன் ஒரு ஆள் குனிந்து தண்டவாளத்தை அளந்துகொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பஸ் திரும்பியதும் காணாமல் போய்விட்டார்.

பழைய நிலப் பதிவேடுகளைப் பார்க்கும் அறையில் நரைத்த மீசை வைத்த ஒருவர் இருந்தார். நான் மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார்.

"ஆளு பேரு?"

"டொனலன்."

"அது பேரா?"

"குடும்பப் பேருங்க."

"குடும்பப் பேர வச்சு இங்கன யாரையும் தேட முடியாதும்மா. ஆளு பேரு, தகப்பனார் பேரு, ஊரு. மூணும் சொல்லுங்க."

தாமஸ், விருதுபட்டி என்றேன். அப்பா பெயர் நோரா சொன்ன ஞாபகம் இருந்தது: பேட்ரிக். அவர் எழுதிக்கொண்டார், தேடினார், பக்கத்து மேசையிலும் கேட்டார். வெள்ளைக்காரர் பெயரில் அந்தப் பக்கம் நிலம் எதுவும் இல்லை. "ரயில் வேலைக்கு வந்தவுகளுக்கு நெலம் எதுக்கு? அவுக பாதையப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாக" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அன்று மத்தியானம் செல்வராணி அக்கா வீட்டில் படுத்துத் தூங்கினேன். ஜங்ஷனில் சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தம் தூக்கத்துக்குள் வந்தது. கனவில் கால்வேயில் மழை பெய்தது. வத்தல் மழை. நோரா குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்று தும்மினார்.

"வெள்ளக்காரன் நெலம் வாங்கலேன்னா விடுங்க" என்றார் அக்கா, எழுப்பி உட்காரவைத்துக் காபி கொடுத்து. "கும்பிட்டுருப்பாகல்ல? கல்யாணம், சாவுன்னு மாதா கோயிலுக்குப் போகாமயா இருந்திருப்பாக?"

சாத்தூர் போகிற வழியில், ரயில்பாதையை ஒட்டி ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. பழையது. மறுநாள் நான் போனபோது, அங்கிருந்த இளவயது ஃபாதர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கின் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். "ஃபாதர் எங்கே இருக்காருங்க?" என்று அவரிடமே கேட்டேன். "கையக் கழுவினா வந்துருவாரு" என்றார்.

பீரோவைத் திறந்து பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார். ஞானஸ்நானம் எழுதிய பழைய புத்தகங்களைக் கரையான் மொத்தமாகத் தின்றுவிட்டது. மிஞ்சியது அடக்கம் செய்தவர்களின் பதிவு மட்டும். அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் தமிழில் எழுதிவைத்தது. நான் 'டொ' என்ற எழுத்தைத் தேடினேன். பக்கம் பக்கமாக விரல் ஓட்டினேன். சவேரி, அருளப்பன், மிக்கேல், ஞானப்பூ. ஒரு 'டொ' கூட இல்லை. இரண்டு முறை முழுதாகப் பார்த்தேன். மத்தியானமாகிவிட்டது.

"பரவாயில்ல, வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று ஃபாதர் பார்வையாளர் புத்தகத்தை நீட்டினார். ர. சுகந்தி என்று போட்டேன். போட்டுவிட்டு அந்த 'ர'வையே பார்த்தபடி நின்றேன்.

அங்கே நான் ரங்கசாமி. இங்கே, இந்த ஊர் உபதேசியார் கையில் மாட்டிய தாமஸ் மட்டும் எப்படி டொனலனாக இருப்பார்? சூலக்கரையில் கேட்ட மாதிரியே அந்த மனுஷனும் கேட்டிருப்பார்: தகப்பனார் பேரு? பேட்ரிக். அவ்வளவுதான், இனிஷியல் போட்டாகிவிட்டது.

"ஃபாதர், பேட்ரிக்கைத் தமிழ்ல எப்படி எழுதுவாங்க?"

"பத்திரீசியார்."

"தாமஸ்?"

"தொம்மை" என்ற ஃபாதரும் கிரீஸ் விரலோடு புத்தகத்தின் மேல் குனிந்துவிட்டார்.

ப. தொம்மை இருந்தார். காலையில் இரண்டு தடவை என் விரல் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. அடக்கம் செய்யப்பட்டது அவர் இல்லை, அவர் மனைவி. 'அச்சங்குளத்தாள் அந்தோணியம்மாள், ரயில்பாதை ப. தொம்மை துரை பெண்சாதி. காய்ச்சல்.' தேதி இருந்த ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொம்மை அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அம்மா போயிட்டா பிள்ளையத் தாய் வீட்டுலதான வளப்பாங்க" என்றார் ஃபாதர். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அச்சங்குளத்தில் எங்கோ ஒரு வீட்டில் மூன்றாவது ஆளின் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் முகம்கூடத் தெரிந்தது.

விடிந்ததும் பாட்டிலைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு சாத்தூர் பஸ் ஏறினேன். சாத்தூரில் ஜன்னல் வழியாக வெள்ளரிப் பிஞ்சு விற்றார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவியது. கடித்ததும் வாய் முழுக்கக் குளிர்ந்தது. சேவுப் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். அச்சங்குளம் போகும் மினி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றபோது, ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே நிறையப் பெண்கள். "அச்சங்குளம் போகுமா?" என்றேன். "போகும்" என்றார்கள். ஏறி உட்கார்ந்து டிக்கெட்டுக்குப் பத்து ரூபாயை நீட்டினேன். வேனே சிரித்தது.

"டிக்கெட்டா? யக்கா, இது பட்டாசு கம்பெனி வண்டி!"

"எறக்கி விட்ருங்கடி, மருந்து அறைக்குக் கொண்டு போயிறப் போறோம்."

"வரட்டும், சீசனுக்கு ஆளு பத்தலைன்னு போர்மேன் பொலம்பிட்டிருக்காரு."

டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "செல்போனு, தீப்பெட்டி எதுவும் இருந்தா கேட்டுலயே குடுத்துரணும்" என்றார், என்னையும் ஆள் கணக்கில் சேர்த்து.

எல்லார் மடியிலும் தூக்குவாளி. குளித்துப் பூ வைத்த தலைகள். ஆனால் எத்தனை கழுவினாலும் போகாத வெள்ளிப் பொடி அவர்கள் நகக்கண்ணிலும் வளையலின் அடியிலும் மினுங்கியது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போதெல்லாம் யாராவது ஒருத்தியின் கை சட்டென்று மின்னி அணைந்தது. மீன்கள் நிறைந்த குளத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"ஏ அந்தோணி, தள்ளி உக்காருடி" என்றாள் ஒருத்தி.

நான் துள்ளித் திரும்பினேன். அந்தோணி என்று கூப்பிடப்பட்டவள் முப்பது வயதிருப்பாள். நெற்றி நிறையக் குங்குமம், மூக்குத்தி.

"உங்க பேரு அந்தோணியம்மாளுங்களா?"

"ஆமா."

"நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்களா?"

"நான் எதுக்குப் போறேன்? எங்களுக்கு மாரியாத்தாதான்."

"அப்போ உங்க முன்னோர்ல யாராச்சும் வெள்ளைக்காரர்...? உங்க கண்ணு கொஞ்சம் பூனைக்கண்ணு மாதிரி..."

அதற்குப் பிறகு யாரும் பேச முடியவில்லை, அப்படி ஒரு சிரிப்பு. "கேட்டியாடி, நம்ம அந்தோணி வெள்ளக்காரியாம்லே!" "அதான் வெயில்ல கறுத்துப் போயிட்டா!" அந்தோணி மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "ஏட்டி, நெசமாவே பூனக்கண்ணா?" என்று கேட்டாள். கருகருவென்று நாவல்பழம் மாதிரியான கண்.

வேன் அச்சங்குளம் முக்கில் நின்றது. இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு கல்பலகை, நெஞ்சு உயரத்துக்கு. அதன்மேல் வரிசையாகத் தூக்குவாளிகள். காத்திருந்த பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஏறினார்கள். வாளிகள் நகர்ந்ததும், சுண்ணாம்பு அடித்த பலகையின் விளிம்பில் சாய்ந்த வெயில் விழுந்து எழுத்துகள் தெரிந்தன. முதலில் தெரிந்தது 'டொ'.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"நின்னுட்டுத்தாம்மா இருக்கு" என்றார் டிரைவர்.

இறங்கி ஓடினேன். வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. 'பத்திரீசியார் குமாரன் தொம்மை டொனலன் துரை பெண்சாதி அந்தோணியம்மாள் பேர்க்கு நட்டது.' விரலை எழுத்தின் பள்ளத்துக்குள் விட்டு விட்டுப் படித்தேன். டொனலன்! கால்வேயில் ஒரு கதவின் தபால் பெட்டி மேல் இருக்கும் பெயர், இங்கே கரிசல் காட்டு முக்கில், தமிழில். இனிஷியலுக்குள் அடைபட்டுப் போன ஆள், கல் என்றதும் தன் முழுப் பெயரையும் போட்டுவிட்டார். கேமராவை எடுத்து முன்னால் நின்று, பக்கவாட்டில் குந்தி, எத்தனை படம் எடுத்தேனோ தெரியாது. தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பாட்டரி தீர்ந்துவிட்டது. மாற்ற வேண்டும், கையில் இடமில்லை. தோள் பையைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தேன்.

ஜாம் பாட்டிலின் கனம் தோளை விட்டு இறங்கியது. காலையிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த பட்டையின் தடத்தில் காற்றுப் பட்டது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் எதன் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறேன் என்று.

சுமைதாங்கி. எங்கள் பக்கத்திலும் உண்டு. பழனிக்கு நடந்து போகும் வழியில் ஒன்றைக் காட்டி அம்மா சொல்லியிருக்கிறாள். இதை எல்லாருக்கும் வைக்க மாட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனவளுக்கு மட்டும்தான். இறக்கி வைக்க முடியாமல் போன அவள் பாரத்துக்காக, வழியில் போகிறவர்கள் தங்கள் பாரத்தை இறக்கி வைக்கட்டும் என்று.

கிறிஸ்துமஸுக்குள் மூன்று பேராகிவிடுவோம் என்று சொன்ன மனுஷன் ஒரே நாளில் ஒற்றை ஆளாகியிருக்கிறார். அச்சங்குளத்தில் நான் தேடிப் போக வீடு எதுவும் இல்லை. மேல் அலமாரியில் அத்தனை வருடமும் பாட்டில் பாட்டிலாகக் காத்திருந்தது, பிறக்காத ஒரு பிள்ளைக்காக.

புது பாட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"ஏங்க்கா, ஒரு மாதிரி இருக்கீக? பித்தமா? சோடா கீடா வேணுமா?"

தலையில் பெரிய மூட்டையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். வீட்டில் ஒட்டி முடித்த தீப்பெட்டிக் கூடுகள். ஏஜெண்ட் வண்டிக்குக் கொடுக்க வந்திருக்கிறாள். கல்லை ஒரு கையால் தொட்டு, "தாங்கிக்கோ ஆத்தா" என்று சொல்லி மூட்டையை இறக்கி என் பையின் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு ஆறேழு மாதம் இருக்கும். முத்துமாரி என்று பெயர் சொன்னாள். "மாசமா இருக்கவுகள கம்பெனிக்குள்ள விட மாட்டாக. அதான் வீட்டுல பெட்டி ஒட்டுறேன்."

"இந்தக் கல்லு யாருதுன்னு தெரியுமா?"

"அந்தோணியாத்தா கல்லு. வயித்துப் பிள்ளையோட போனவுக. ரயில்ரோட்டுத் தொர பொண்டாட்டி."

"அந்தத் துரை என்ன ஆனாரு?"

"யாரு கண்டா? ஆம்பளைக கதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா?" மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "இங்கன பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பொழச்சு வந்துட்டா, பொட்டப்பிள்ளைக்கு இவுக பேரத்தான் வைப்போம். வேன்ல போனாளே அந்தோணி, எங்க சித்தி மக. அவளுக்குக் காலு மொதல்ல வந்துருச்சு."

"ஊருக்குள்ள எத்தனை அந்தோணி இருப்பாங்க?"

"தெருவுக்கு ஒண்ணு. அந்தோணின்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பாக. அதான் குட்ட அந்தோணி, செவத்த அந்தோணி, கோவக்கார அந்தோணின்னு பிரிச்சு வச்சிருக்கோம். இதுவும் பொட்டையாப் பொறந்து, மக்கரும் பண்ணுச்சுன்னா..." என்று வயிற்றைத் தட்டினாள். "நாளைக்கும் வருவேன். நீங்க மொதல்ல இந்தத் தூக்குல இருக்க மோரக் குடிங்க, மொகம் வெளுத்துப் போச்சு."

சாயங்காலம் விருதுநகரில் ஒரு டெலிபோன் பூத். கண்ணாடிக் கதவு, சுழலாத மின்விசிறி, தலைக்கு மேல் ஓடும் சிவப்பு எண்கள். அங்கே அப்போது மத்தியானம். நோரா எடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கிடைத்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கல் என்ன கல் என்பதைக் கடைசியில் சொன்னேன்.

அந்தப் பக்கம் சமையலறைக் கடிகாரம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்.

"அப்படியானால் யாரும் வருவதாகவே இல்லை" என்றார். பிறகு, "என் அம்மா அந்தப் பாட்டிலைத் துணியால் துடைத்துத்தான் வைப்பாள்" என்றார்.

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தக் கல் அமைதியான இடத்தில் இருக்கிறதா?"

"இல்லைங்க. பஸ் நிக்கிற இடம். எந்நேரமும் சத்தம். வேலைக்குப் போற பொண்ணுங்க அது மேலதான் சாப்பாட்டு வாளியை வைக்கிறாங்க. தீப்பெட்டி மூட்டையை வைக்கிறாங்க. வைக்கும்போது அவங்க பேரைச் சொல்லித்தான் வைக்கிறாங்க."

"தினமுமா?"

"தினமும்."

அந்தோணிகளைப் பற்றியும் சொன்னேன். குட்டை, சிவப்பு, கோபக்காரி. நோராவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"டொனலன் என்று யாருக்கும் பெயர் இல்லை?"

"இல்லைங்க."

"அந்தப் பெயரை அவர்கள் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்?" என்றார் நோரா. "ஜாம் கெட்டுப்போகவில்லையே?"

"இல்லைங்க. தண்ணித் தட்டுல வச்சிருக்கோம்."

"அதை இங்கே திரும்பக் கொண்டுவராதே. அந்தக் கல்லில் வை. யார் வருகிறார்களோ அவர்கள் சாப்பிடட்டும்."

காலையில் செல்வராணி அக்காவும் என்னோடு கிளம்பினார். "நீங்க தனியாப் போனா மறுபடி மருந்து அறைக்குத்தான் போவீக" என்று சொல்லிவிட்டுச் சாத்தூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். மினி பஸ் மாறி முக்கில் இறங்கியபோது, கல்லின் மேல் வாளிகள் வரிசையாக இருந்தன. முத்துமாரி மூட்டையோடு நின்றிருந்தாள். நான் பாட்டிலை எடுத்து, கல்லைத் தொட்டு, மனதுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, வாளிகளுக்கு நடுவில் வைத்தேன். வெயில் அதற்குள் போய்க் கருஞ்சிவப்பாக எரிந்தது.

வேன் வந்தது. அந்தோணி முதலில் இறங்கினாள். "பூனக்கண்ணு அக்கா வந்திருக்காகடி!"

ஒரு வெள்ளைக்கார அம்மா சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டது என்று சொன்னேன். யார் சொந்தம், எப்படிச் சொந்தம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒருத்தி வாளி மூடியைத் திறந்தாள், தயிர்ச்சோறு. பாட்டிலைச் சாய்த்து ஆளுக்குக் கொஞ்சம் ஓரத்தில் வைத்துக்கொண்டார்கள், ஊறுகாய் மாதிரி. நான் தடுக்க வாயைத் திறந்தேன். செல்வராணி அக்கா கையைப் பிடித்து அழுத்தினார்.

தொட்டு நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "புளிக்கி." "இனிக்கி." "எலந்தவடை மாதிரி இல்ல?" "போடி, களாக்காயில பண்ணது." முத்துமாரி மட்டும் விரலால் வழித்து ஒருமுறை வாயில் போட்டாள், இன்னொரு முறை போட்டாள், பிறகு பாட்டிலையே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏலே, சீசன் நேரம், ஏறுங்க!" என்று டிரைவர் கத்தினார். வாளிகள் ஏறின. கல் வெறுமையாயிற்று.

"ஏ முத்து, பாட்டிலக் குடுடி."

"குடுக்க முடியாது. நான் பிள்ளத்தாச்சி."

"அதுவும் சரிதான், வச்சுக்கோ." வேன் நகர்ந்தது. அந்தோணி ஜன்னலுக்கு வெளியே தலையையும் பாதி உடம்பையும் நீட்டி என்னைப் பார்த்துக் கத்தினாள். வளையலுக்கு அடியில் வெள்ளி மின்னியது.

"அந்த அம்மாகிட்ட மறக்காமச் சொல்லுங்கக்கா! நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருசம் போடுறப்ப உப்பும் வத்தலும் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க!"